‘சீரழிந்த காடு’ என்னும் பெயர்: பறவைக் கணக்கும் புதுக்கோட்டைத் தைலக் காடும்

1

மரம் வெட்டப்பட்ட மழைக்காட்டில் எத்தனை பறவையினங்கள் மிஞ்சுகின்றன? இந்தக் கேள்வியோடு போர்னியோவிலும் அமேசானிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் பல வருஷங்களாக ஆட்கள் பைனாகுலரும் நோட்டுப் புத்தகமுமாக அலைந்துகொண்டிருக்கிறார்கள். வானம் பார்த்த புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், ‘நம்ம ஊர்ல மழையே இல்ல, இதுல மழைக்காடு எங்கய்யா இருக்கு?’ என்று நண்பர் ஒருவர் சிரித்தார். நியாயமான சிரிப்புதான். ஆனால் அந்த ஆய்வுகளை வாசிக்கும்போது திரும்பத் திரும்ப ஒரு பெயரடை கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் ‘டிகிரேடட்’. நம்முடைய அலுவலகத் தமிழில் ‘சீரழிந்த காடு’, ‘தரம் குன்றிய காடு’. இந்தப் பெயரடைக்கும் புதுக்கோட்டைக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஐம்பது வருஷங்களுக்கு முன்னால் இந்த மாவட்டத்தின் காடு அழிந்ததற்குக் கோடரி ஒரு காரணம் என்றால், அந்தக் கோடரிக்கு அனுமதிச் சீட்டு எழுதிக்கொடுத்தது இந்தப் பெயரடை.

அதிகாரமும் அறிவும் பின்னிப்பிணைந்தவை என்று ஃபூக்கோவைச் சொல்லிச் சொல்லி நமக்கே அலுத்துப்போய்விட்டது. ஆனால் அந்தப் பின்னலை ஆஸ்பத்திரியிலும் சிறையிலும் இலக்கியத்திலும் தேடிய அளவுக்கு நம் ஊர்ப் புதர்க்காட்டில் நாம் தேடவில்லை. தேடினால் கிடைப்பது என்ன என்பதே இக்கட்டுரை.

2

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோ தீவில் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் டேவிட் எட்வர்ட்ஸும் அவரது கூட்டாளிகளும் வெளியிட்டது. வெட்டப்படாத காடு, ஒருமுறை வெட்டப்பட்ட காடு, இரண்டுமுறை வெட்டப்பட்ட காடு என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். வெட்டப்படாத காட்டில் இருந்த பறவையினங்களிலும் சாணவண்டினங்களிலும் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இரண்டுமுறை வெட்டப்பட்ட காட்டிலும் இருந்தன. இது வெளிவந்த அதே 2011-இல் லூக் கிப்ஸனும் பிறரும் 138 ஆய்வுகளைத் தொகுத்து, கைபடாத ஆதிக்காட்டுக்கு ஈடு ஏதும் கிடையாது என்ற முடிவுக்கு வந்தார்கள். 2014-இல் ஸுஸானா புரிவலோவா குழுவினரின் தொகுப்பு இன்னொரு விஷயத்தைச் சொன்னது. ஹெக்டேருக்கு 38 கனமீட்டர் மரம் எடுத்தால் பாலூட்டி இனங்கள் பாதியாகின்றன. 63 கனமீட்டர் எடுத்தால் தவளை போன்ற நீர்நில வாழ்விகள் பாதியாகின்றன. ஆனால் வெட்டு கூடும்போது பறவையினங்களின் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது.

வெட்ட வெட்டப் பறவை பெருகுகிறது! மர வியாபாரிக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன வேண்டும்?

விஷயம் அவ்வளவு எளிதில்லை. பெரிய மரங்கள் விழுந்ததும் கூரை திறக்கிறது, வெயில் இறங்குகிறது, கொடியும் புதரும் மண்டுகின்றன. எங்கும் பிழைக்கத் தெரிந்த, திறந்த வெளிக்குப் பழகிய பறவைகள் உள்ளே வருகின்றன. அதே நேரத்தில் இருட்டான அடிக்காட்டில், இலைச்சருகைக் கிளறிப் பூச்சி தின்று வாழ்ந்தவை சத்தமில்லாமல் குறைகின்றன. முதிர்ந்த மரத்தின் பொந்தில் மட்டுமே முட்டையிடக்கூடிய இருவாச்சி, பொந்து போனதும் தடுமாறுகிறது. அது உடனே செத்துவிடுவதில்லை. குஞ்சு இல்லாமல் பல வருஷம் பறந்துகொண்டிருக்கும். கணக்கெடுப்பவரின் நோட்டில் அதுவும் ‘ஒன்று’ என்றே விழும்.

எண்ணிக்கை எல்லா இனத்தையும் ‘ஒன்று’ என்ற ஒரே அலகாக்குகிறது. ஊரெங்கும் பிழைக்கிற கொண்டைக் குருவியும் ஒன்று. அந்தக் காட்டை விட்டால் போக்கிடமில்லாத பறவையும் ஒன்று. ஒன்று போய் ஒன்று வந்தால் கணக்கு சரி. சரக்கை அதன் பயன்மதிப்பிலிருந்து பிரித்துப் பரிவர்த்தனை மதிப்பாக மாற்றும் சந்தையின் வேலையை இங்கே பட்டியல் செய்கிறது. இது வெறும் உவமை என்று நினைக்க வேண்டாம். 2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஈடுசெய் காடுவளர்ப்பு நிதிச் சட்டம் இந்தத் தர்க்கத்தின் மேல்தான் நிற்கிறது. இங்கே ஒரு காட்டை அழி, பணம் கட்டு, வேறெங்கோ மரம் நடு, கணக்கு நேராகிவிடும்.

ஆனால் அந்த ஆய்வாளர்களின் மேல் பழிபோட்டு முடித்துக்கொள்வதும் சோம்பேறித்தனம். எட்வர்ட்ஸ் குழுவினர் அந்த 75 சதவீதத்தை எதற்காகச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். போர்னியோவில் இரண்டுமுறை வெட்டிய காட்டை ‘சீரழிந்தது’ என்று முத்திரை குத்தி, இனி இதில் காப்பாற்ற ஒன்றுமில்லை என்று சொல்லி, முழுக்க மொட்டையடித்து எண்ணெய்ப்பனை வைக்கிற வேலை நடந்தது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மிஞ்சும் காட்டுப் பறவைகள் மிகச் சொற்பம். ஆகவே அவர்கள் சொன்னது: வெட்டுப்பட்டாலும் இது இன்னும் காடுதான், இதைக் கைவிடாதீர்கள். ஒரே எண் இரண்டு வாயில் இரண்டு அர்த்தம் பெறுகிறது. வெட்டுகிறவன் சொன்னால் ‘இன்னும் வெட்டலாம்’. காக்க நினைப்பவர் சொன்னால் ‘இனியாவது நிறுத்துங்கள்’. கிப்ஸன் குழுவின் முடிவையும் இப்படியே இரண்டு விதமாக வாசிக்கலாம். ஆதிக்காட்டுக்கு ஈடில்லை என்பது சரி. அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, ஆதிக்காடு அல்லாததெல்லாம் போனால் போகட்டும் என்று ஒரு கொள்கை எழுதினால் என்ன ஆகும்? அதற்குப் பதில் தெரிய போர்னியோவுக்குப் போக வேண்டாம். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினால் போதும்.

3

இந்த மாவட்டத்துக்கும் அயலூர்க் காடுகளுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் பர்மாத் தேக்கு. மலாயாவின் மழைக்காட்டை மொட்டையடித்து ரப்பர் வைத்ததில் தமிழ்க் கூலிகளின் உழைப்பு இருக்கிறது. வட்டிப் பணமும் கூலி உடம்பும் இங்கிருந்து கப்பலேறிப் போய் அங்கே காட்டைத் தோட்டமாக்கின. அந்தத் ‘தோட்டம்’ என்ற மாதிரி பிறகு சட்டமாகவும் திட்டமாகவும் நம் ஊருக்குள்ளேயே வந்தது.

புதுக்கோட்டையின் இயல்பான காட்டுக்குத் தாவரவியலில் ஒரு தனிப்பெயர் உண்டு: வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. 1968-இல் சாம்பியனும் சேத்தும் செய்த இந்தியக் காட்டு வகைப்பாட்டில் இது ஒரு தனி வகை. சோழமண்டலக் கரையை ஒட்டியும் புதுக்கோட்டை போன்ற உள்பகுதிகளிலும் மட்டும் துண்டு துண்டாக மிஞ்சியிருப்பது. வடகிழக்குப் பருவத்தில் இரண்டு மூன்று மாசம் பெய்யும் மழையை வைத்துக்கொண்டு கோடையிலும் இலை உதிர்க்காமல் நிற்கும் காடு. பாலை, வீரை, காயா, நாவல், உசில், காரை. மரங்கள் ஓங்கி வளர்வதில்லை. கிளையும் கொடியும் முள்ளுமாகப் பின்னிக் கிடக்கும். வளையாமல் உள்ளே போக முடியாது.

இப்படிப்பட்ட காட்டை டிப்போவில் மரம் அளக்கிற கண்ணோடு பார்த்தால் ஒன்றுமே தெரியாது. நேரான அடிமரம் இல்லை, கனஅடிக் கணக்கில்லை. எனவே அது ‘புதர்’, ‘முள்காடு’, ‘சீரழிந்த காடு’. தேசிய விவசாய ஆணையம் 1972-இல் தந்த இடைக்கால அறிக்கையிலும் 1976-இல் தந்த இறுதி அறிக்கையிலும் இந்தக் கண் தெளிவாகத் தெரிகிறது. மதிப்புக் குறைந்த கலப்புக் காடுகளை அகற்றிவிட்டுச் சீக்கிரம் வளரும் மரங்களை நடு. அதற்கு வங்கிக் கடன் வாங்கத் தோதாகக் கழகங்கள் அமை. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் அதே 1974 ஜனவரியில்தான். மாவட்டமும் தைலக் காடும் ஒரே வயசுக்காரர்கள்.

சனங்கள் அந்த மரத்துக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: ‘ஆர்.எஸ்.பதி மரம்’. தைலப் புட்டியின் மேல் ஒட்டிய லேபிளின் பெயர் மரத்துக்கு வந்துவிட்டது. அந்தப் புட்டித் தைலம் நீலகிரியில் வளரும் வேறொரு யூக்கலிப்டஸ் இனத்திலிருந்து வந்தது. சமவெளியில் நட்டது காகிதக் கூழுக்கான இனம். ஆனால் பெயர் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. இது மரமாக வந்து சேரவில்லை, சரக்காக வந்து சேர்ந்தது என்பதைச் சனங்களின் மொழி முதலிலேயே பிடித்துவிட்டது.

இந்தத் தோட்டத்தில் பறவையே இல்லை என்று சொன்னால் அது பொய். கரிச்சான் உட்காரும். மயில் நடமாடும். கவுதாரி கத்தும். பூத்தால் தேன் குடிக்கவும் வரும். பட்டியல் போட்டால் ஒரு பக்கம் நிறையும். எது இருக்காது என்பதைத்தான் கேட்க வேண்டும். ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டும் இடத்தில் முதிர்ந்த மரம் கிடையாது. முதிர்ந்த மரம் இல்லையென்றால் பொந்து கிடையாது. பொந்து இல்லையென்றால் ஆந்தைக்கும் மரங்கொத்திக்கும் கிளிக்கும் வீடு கிடையாது. போர்னியோவில் இருவாச்சிக்கு நடந்ததும் இங்கே புள்ளி ஆந்தைக்கு நடந்ததும் ஒரே கதை. அடிப்புதரை உழுது சுத்தம் செய்கிற இடத்தில், மார்கழிக் குளிரில் வடக்கிலிருந்து வந்து சருகைக் கிளறித் தின்னும் ஆறுமணிக் குருவிக்கு வேலையில்லை. பழம் இல்லாத இடத்தில் குக்குறுவானுக்கு என்ன இருக்கிறது?

விராலிமலை மயிலுக்குப் பேர்போன ஊர். இப்போது மாவட்டம் முழுக்க மயில். கடலைக்காட்டில் இறங்கிக் கொத்தித் தள்ளுகிறது என்று விவசாயிகள் புலம்புகிறார்கள். மயில் பெருகினால் காடு செழித்தது என்று சொல்கிற அதிகாரியையும் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற, தோகை விரிக்கிற பறவையை வைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் போனதை மறைக்கும் வித்தை இது.

இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் வரையறை இந்த வித்தையை இன்னும் சுலபமாக்குகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கூரை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யார் நிலம், எதற்காக நட்டது என்ற கேள்வியே கிடையாது. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது, பச்சை தெரிகிறது, கணக்கில் ஏறுகிறது. ‘சீரழிந்த காடு’ என்ற பெயரால் காடு வெளியே தள்ளப்பட்டது; ‘வனப்பரப்பு’ என்ற பெயரால் தைலத் தோப்பு உள்ளே வந்தது. இரண்டு கதவுக்கும் சாவி ஒரே கையில்.

4

இங்கே நம்மவர்கள் எழுதும் ‘காடு’ பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தமிழில் சூழலியல் எழுத்து பெருகியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் அதில் வரும் காடு பெரும்பாலும் கன்னிக்காடு. மனுஷ வாடை படாதது, தூயது, ஆதியானது. இந்தத் தூய்மை மோகமும் வனத்துறையின் ‘சீரழிந்த’ என்ற வசையும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள். தூய்மை என்ற சொல் இந்த மண்ணில் யார் யாரையெல்லாம் வெளியே நிறுத்தியிருக்கிறது என்பது நமக்குத் தெரியாததா? மனிதர்களிடத்தில் தீட்டு என்ற கருத்து செய்த வேலையைக் காடுகளிடத்தில் ‘சீரழிவு’ செய்கிறது. கைபட்டதெல்லாம் கழிசல்.

யார் கை? வனவியல் மொழியில் ‘உயிரியல் அழுத்தம்’ என்று ஒரு சொல் உண்டு. பெயர்த்துச் சொன்னால்: சுள்ளி பொறுக்கும் பொம்பளை, ஆடு மேய்க்கும் பையன். காகித ஆலைக்கு லாரி லாரியாகப் போனது ‘அறுவடை’. தலைச்சுமை விறகு மட்டும் ‘அழுத்தம்’. ஆலங்குடிப் பக்கம் விறகு சுமந்து வந்த ஒரு ஆத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது: “முன்ன காட்டுக்குள்ள போனா காரப்பழம், சூரப்பழம், பாலப்பழம் தின்னுக்கிட்டே வெறகு பொறுக்குவோம் தம்பி. குருவியும் திங்கும், நாங்களும் திம்போம். இப்ப பதிமரத்துக்குள்ள போனா தாகந்தான் எடுக்குது.” பழந்தின்னிப் பறவைகளின் சரிவு பற்றி இதைவிடச் சுருக்கமான ஆய்வுச் சுருக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பட்டியலிலும் இவர் பெயர் இல்லை, ‘அழுத்தம்’ என்ற தலைப்பின் கீழ்த் தவிர.

இந்த மாவட்டத்தில் அந்தப் பழைய காட்டின் துண்டுகள் மிஞ்சியிருப்பது கோயில் காடுகளில். தாவரவியலாளர்கள் மரம் எண்ணிய அரையப்பட்டி, மரமடக்கி போன்ற இடங்கள் நினைவுக்கு வருகின்றன. ‘முன்னோர்களின் சூழலியல் ஞானம்’ என்று இதை மெய்சிலிர்த்து எழுதுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அய்யனார் காட்டுக்குள் யார் நுழையலாம், யாருக்கு முதல் மரியாதை, யார் எல்லையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் சாதி எழுதிய சட்டம். ஞானத்தைப் புகழும்போது அந்தச் சட்டத்தை மறந்துவிட முடியாது. இன்னொரு பக்கம், கும்பாபிஷேகம் என்று வந்தால் அந்தக் காடே இடைஞ்சலாகிவிடுகிறது. கோபுரம், தகரக் கொட்டகை, சிமெண்டுத் தளம், வண்டி நிறுத்த இடம். சாமி பெரிதாகப் பெரிதாகக் காடு சிறிதாகிறது.

கீரமங்கலம் அருகே குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் இருக்கிறார். சாமியின் பெயரிலேயே காரை இருக்கிறது. மாசிமகத்தன்று அங்குள்ள பிரம்மாண்டமான குதிரைச் சிலைக்குச் சனங்கள் ஆளுயரத்தைத் தாண்டிய காகித மாலைகளைக் கொண்டுவந்து சாத்துகிறார்கள். காரைக்காட்டுச் சாமியின் குதிரைக்குக் காகித மாலை. காகிதத்துக்குத் தைலக் காடு. தைலக் காட்டுக்கு இடம் விட்டது காரைக்காடு. பக்தரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. நாம் எழுதுகிற, அச்சடிக்கிற தாளிலும் அந்தக் கூழ் கலந்திருக்கக்கூடும். நம்முடைய விமர்சனம் எந்தக் காட்டின் மேல் எழுதப்படுகிறது என்ற ஓர்மை இருந்தால் போதும்.

இந்தக் கோயில் காடுகள் எதுவும் கன்னிக்காடு அல்ல. சுள்ளி ஒடித்திருக்கிறார்கள், ஆடு மேய்ந்திருக்கிறது, ஓரங்களில் வேலிக்கருவை ஏறியிருக்கிறது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் மரங்களைப் பிடுங்கிப் போட்டது. ஆனாலும் சாய்ந்த மரத்தின் அடிக்கட்டை துளிர்க்கிறது. கொண்டைக் குருவியும் மைனாவும் குயிலும் பழம் தின்று எச்சமிடுகிற இடத்தில் ஒரு காரைக் கன்று முளைக்கிறது. பனைமரக் கழுத்தில் ஆலங்கன்று வைப்பது யார்? நாற்றங்காலும் டெண்டரும் இல்லாமல் நட்டுக்கொண்டே போகும் அந்த உழைப்பை எந்தத் திட்ட அறிக்கையும் கணக்கில் எடுத்ததில்லை. பறவைகளைக் காட்டில் இருக்கிற பொருளாக மட்டும் எண்ணுகிறவர்களுக்கு, அவை காட்டைச் செய்கிற உழைப்பாளிகள் என்பது தெரிவதில்லை.

5

இப்போது புதுக்கோட்டையில் தைல மரத்தை அகற்று என்ற குரல் வலுத்திருக்கிறது. மழைத்தண்ணீர் தோப்பைவிட்டு வெளியே போகாதபடி வரப்பும் கிடங்கும் வெட்டிவிட்டார்கள், கண்மாய்க்கு வரத்து நின்றுபோனது என்பது விவசாயிகளின் நீண்டகாலக் குற்றச்சாட்டு. இந்தப் போராட்டத்தோடு நிற்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆளும் தண்ணியும் இல்லாததால் பட்டா நிலத்திலேயே பதிமரம் வைத்துவிட்டுப் பிழைக்கப் போன சிறு விவசாயியை வில்லனாக்காமல் இந்தக் கோரிக்கை பேசப்பட வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

பயம் வேறு இடத்தில். தைலத்தைப் பிடுங்கிய பிறகு என்ன? அப்போதும் யாரோ ஒருவர் வந்து மிச்சமிருக்கும் புதரைப் பார்த்து ‘சீரழிந்தது’ என்பார். ஒரே நாளில் லட்சம் மரக்கன்று நடும் விழா வரும். மந்திரி வருவார். முந்திரியோ, மலைவேம்போ, நெருக்கி நட்ட மியாவாக்கியோ வரும். சூரிய மின்தகடு விரிக்க ‘பயனற்ற நிலம்’ தேடுகிறவர்களும் வரலாம். எல்லாருக்கும் தேவைப்படுவது அந்த ஒரு பெயரடைதான்.

வால்பாறையின் அனுபவம் நமக்கு உதவும். ஆனைமலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிக்கிக் கிடந்த மழைக்காட்டுத் துண்டுகளில் திவ்யா முடப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் இருபது வருஷத்துக்கும் மேலாக உள்ளூர் மரங்களை நட்டு, களையெடுத்து, காத்திருக்கிறார்கள். வெட்டுப்பட்ட துண்டைக் கழித்துக்கட்டாமல் காடாகவே நடத்துவதுதான் அந்த வேலையின் அடிப்படை. அங்கே பறவைகளைக் கணக்கெடுத்தபோது கேட்ட கேள்வியும் வேறு: மழைக்காட்டுப் பறவை திரும்பி வருகிறதா, வெட்டவெளிப் பறவை குறைகிறதா? மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கேட்டதும் எண்ணுக்கே உயிர் வந்துவிடுகிறது. அதே வேலையைச் சமவெளியில் செய்யும்போது வால்பாறை மரத்தைக் கொண்டுவந்து நடக்கூடாது, புத்தியை மட்டும் கொண்டுவரலாம். இங்கே நாற்றுக்கு வேண்டிய விதை அரையப்பட்டிக் காட்டிலும் குளமங்கலத்துக் காட்டிலும் கிடக்கிறது.

எனவே கோரிக்கை மனுக்களில் இரண்டு வரி கூடுதலாகச் சேர்க்கலாம். ஒன்று: தைல மரம் அகற்றப்படும் இடத்தில் என்ன நடுவது என்று முடிவுசெய்வதற்கு முன், பக்கத்தில் மிஞ்சியிருக்கும் காட்டில் எந்தப் பறவை எந்தப் பழத்தைத் தின்கிறது, எந்தப் பொந்தில் அடைகிறது என்று அங்கே விறகு பொறுக்குகிறவர்களையும் ஆடு மேய்க்கிறவர்களையும் கேட்டு எழுத வேண்டும். இரண்டு: அரசின் எந்த ஆவணத்திலும் ஒரு காட்டைச் ‘சீரழிந்தது’ என்று எழுதினால், யார் சீரழித்தது, எந்த வருஷம், எத்தனை டன் போனது, எந்த ஆலைக்குப் போனது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அப்படி எழுதும் கட்டாயம் வந்தால் அந்தப் பெயரடை அவ்வளவு சுலபமாகப் பேனாவிலிருந்து இறங்காது.

மரத்தைப் பிடுங்க ஒரு பொக்லைன் போதும். அந்தச் சொல்லைப் பிடுங்க எழுதுகிறவர்களும் களத்தில் நிற்கிறவர்களும் சேர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. வெட்டுப்பட்டும் துளிர்த்துக்கொண்டிருக்கிற ஒரு காட்டை, காடு என்ற பேரிலேயே கூப்பிடுவதிலிருந்து தொடங்கலாம்.